புரை எடுத்த பிறகும் கண் ஏன் நீலமாக இருக்கிறது?
செல்லப்பிராணிகள் – வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் ஸ்பிட்ஸ் நாய்க்குப் பத்து வயது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கிறோம். சர்க்கரை வந்த சில மாதங்களிலேயே இரண்டு கண்ணும் வெள்ளையாகி, சுவரில் முட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. போன மாதம் இரண்டு கண்ணுக்கும் புரை ஆபரேஷன் செய்தோம். இடது கண் நன்றாகத் தெளிந்துவிட்டது. வலது கண்ணில் மட்டும் மேல் பக்கம் நீலப்புகை படிந்த மாதிரி இன்னும் இருக்கிறது. கண்ணைச் சுருக்கவில்லை, சாப்பாடு, விளையாட்டு எல்லாம் வழக்கம்போலத்தான். கேட்டால் "கார்னியா வீக்கம், போய்விடும்" என்கிறார்கள். புரையைத்தான் எடுத்தாயிற்றே, அப்புறம் ஏன் கண் மங்க வேண்டும்? ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையா?
– வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஆபரேஷன் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை அம்மா, அந்தக் கவலையை முதலில் விடுங்கள். ஆனால் இந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் எப்போது சும்மா இருக்கலாம், எப்போது ஓட வேண்டும் என்பது தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புரை இருந்தது லென்ஸில். அது கண்மணிக்குப் பின்னால் இருக்கிறது. இப்போது நீங்கள் பார்க்கும் நீலம் இருப்பது கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் நிறமற்ற படலத்தில், அதாவது கார்னியாவில். இடம் வேறுதான், ஆனால் லென்ஸுக்குப் போக வேண்டுமென்றால் கார்னியாவைக் கீறிக்கொண்டுதான் போக வேண்டும். அதன் ஓரத்தில், பெரும்பாலும் மேல் பக்கமாக, சுமார் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கீறல் போட்டு, அதன் வழியாக ஒரு மெல்லிய ஊசியை உள்ளே விட்டு, அந்த ஊசி அல்ட்ராசவுண்டு வேகத்தில் அதிரும்போது லென்ஸ் பொடிப்பொடியாக உடைய, அந்தத் துகள்களை அதே ஊசியால் உறிஞ்சி எடுக்கிறார்கள். பேக்கோ என்று சொல்வது இதைத்தான். 1967-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் மனிதர்களுக்காகக் கொண்டுவந்த முறை இது. பல் டாக்டர் பற்காறை எடுக்கும் அதிர்வுக் கருவியைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனையே வந்தது.

இப்போது கார்னியாவுக்கு வருவோம். நாயின் கார்னியா மொத்தமே அரை மில்லிமீட்டரைவிடச் சற்றுக் கூடுதல் தடிமன்தான். வெளியே ஒரு தோல், நடுவில் ஒழுங்காக அடுக்கிய கொலாஜன் இழைகள், கடைசியாக உள்பக்கம் ஒரே ஒரு வரிசைச் செல்கள். அந்தக் கடைசி வரிசைக்கு எண்டோதீலியம் என்று பெயர். உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க அங்கேதான் இருக்கிறது. கண்ணுக்குள் இருக்கும் நீர் ஓயாமல் கார்னியாவுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீரை இறைத்துக் கொட்டிக்கொண்டே இருப்பது போல, இந்தச் செல்கள் இரவு பகலாக அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அவை அசந்தால் கார்னியா தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும், கொலாஜன் இழைகளின் ஒழுங்கு கலையும், உள்ளே வரும் வெளிச்சம் சிதறும், நமக்கு அது நீலம் கலந்த வெள்ளையாகத் தெரியும்.

இதில் வருத்தமான விஷயம், வளர்ந்த நாய்க்கு இந்தச் செல்கள் செத்தால் புதிதாக முளைப்பது அநேகமாக இல்லை என்பது. பக்கத்தில் இருக்கும் செல்கள் தட்டையாகப் படர்ந்து காலியான இடத்தை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். நல்ல கண் உள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 2,500 செல்கள் இருக்கும், வயதாக ஆக இது குறையும். 500 முதல் 800 வரைக்கும் இறங்கிவிட்டால் மிச்சமிருப்பவற்றால் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் போய், கார்னியா நிரந்தரமாக மங்கிவிடும்.

புரை ஆபரேஷனில் இந்த வரிசைக்குத்தான் அடி விழுகிறது. அதிரும் ஊசியிலிருந்து வரும் சக்தி, உடைந்த லென்ஸ் துண்டு எகிறி வந்து உள்பக்கத்தில் மோதுவது, கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் திரவத்தின் வேகம், ஊசி சூடானால் கீறல் ஓரம் வெந்துபோவது எல்லாமே செல்களைக் கொல்லும். நாய்க்கு லென்ஸ் பெரியது வேறு. மனிதனுக்கு 4 மில்லிமீட்டர் சொச்சம் தடிமன் என்றால் நாய்க்கு 7 மில்லிமீட்டர், அதை உடைக்க நேரமும் சக்தியும் கூடுதலாகத் தேவை. அதனால்தான் ஊசியை விடுவதற்கு முன்பே கெட்டியான ஒரு ஜெல்லைக் கண்ணுக்குள் நிரப்பி, கார்னியாவின் உள்பக்கத்துக்கு ஒரு மெத்தை போடுகிறார்கள். அந்த ஜெல்லில் கொஞ்சம் உள்ளே தங்கிப்போனாலும் ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்தில் கண் அழுத்தம் எகிறலாம், அந்த அழுத்தமே இந்தச் செல்களை மேலும் வாட்டும். அன்றைக்கு உங்களைச் சாயங்காலம் வரை உட்காரவைத்துக் கண் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார்களே, அதற்குக் காரணம் இதுதான்.

சரி, உங்கள் நாய்க்கு மேல் பக்கம் மட்டும் ஏன் நீலம்? கீறல் போட்டது அநேகமாக அங்கேதான். கீறல் ஓரத்துச் செல்கள் போயிருக்கும். அந்த இடத்தில் தையலும் இருக்கும். மனிதர்களுக்குப் பல நேரம் தையலே போடுவதில்லை, ஆனால் நாய் காலைத் தூக்கிக் கண்ணைத் தேய்த்துவிடும் என்பதால் அதற்குப் போட்டே ஆக வேண்டும். 9-0 என்று சொல்லும் நூலின் தடிமன் 0.03 மில்லிமீட்டர், தலைமுடியைவிட மெல்லியது. மற்ற செல்கள் படர்ந்து அந்த இடத்தை மூடும் வரை அங்கே தண்ணீர் கோத்துக்கொண்டு நிற்கும். சில நாளிலும் தெளியலாம், சில வாரமும் ஆகலாம். இரண்டு கண்ணும் ஒரே வேகத்தில் ஆறாது, ஒரு கண்ணின் லென்ஸ் மற்றதைவிடக் கெட்டியாக இருந்திருந்தாலே இந்த வித்தியாசம் வரும்.

நீலம் ஒரே இடத்தில் நின்று மெல்லமெல்லச் சுருங்கினால் காத்திருக்கலாம். நேற்று மேல் ஓரத்தில் இருந்தது இன்று நடுவுக்கு வந்துவிட்டது, அல்லது தெளிந்த இடது கண் திடீரென்று முழுசாக நீலமாகி வெள்ளை விழியும் சிவந்துவிட்டது என்றால் அன்றே போங்கள், நாளைக் காலை வரை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அது கண் அழுத்த நோயாகவோ உள்கண் அழற்சியாகவோ இருக்கலாம், அழுத்தம் ஏறிய கண்ணில் பார்வை நரம்பு சில நாளில், சில சமயம் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஜன்னல் பக்கம் நிறுத்தி போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நம் ஞாபகத்தை நம்பிச் சொல்வதைவிட அது டாக்டருக்கு எவ்வளவோ உதவும்.

உங்களுக்கு என்று தனியாக இன்னொன்று சொல்ல வேண்டும். "கண்ணைச் சுருக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல அறிகுறிதான். ஆனால் சர்க்கரை உள்ள நாய்களுக்குக் கார்னியாவில் உணர்ச்சியே குறைவாக இருக்கும், ஆபரேஷன் கீறலில் சில நரம்புகள் அறுபட்டு அது இன்னும் குறைந்திருக்கும். மேல்தோலில் புண் வந்தால்கூட அது வலியைக் காட்டாமல் இருந்துவிடலாம். அதனால் ஒவ்வொரு தடவை காட்டப் போகும்போதும் பச்சைச் சாயம் விட்டுப் புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை அது, வெட்கப்படாமல் கேளுங்கள். சர்க்கரை அளவையும் அடிக்கடி பாருங்கள், ஸ்டீராய்டு சொட்டுமருந்து கண் வழியாகவே உடம்பில் ஏறிச் சிறிய நாய்களுக்குச் சர்க்கரையைக் கூட்டிவிடும்.

கேள்வி: எங்கள் பக் நாய்க்கு எட்டு வயது, ஒரு கண்ணில் புரை. "கண்ணீர் குறைவாக இருக்கிறது, அதைச் சரிசெய்துவிட்டுத்தான் ஆபரேஷன்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண்ணீருக்கும் புரைக்கும் என்ன சம்பந்தம்? வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.
– வாசகர், கோவை

பதில்: சந்தேகப்படாதீர்கள் சார், உங்களுக்கு நல்லதைத்தான் செய்திருக்கிறார்கள். கீழிமைக்குள் ஒரு சின்னக் காகிதப் பட்டையைச் செருகி ஒரு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்த்திருப்பார்கள், 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் சரி, 10-க்குக் கீழே என்றால் கண் காய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கார்னியாவுக்கு ரத்தக் குழாய் கிடையாது, அதன் வெளித்தோல் ஈரத்துக்கும் பிராணவாயுவுக்கும் கண்ணீரைத்தான் நம்பியிருக்கிறது. மயக்க மருந்து கொடுத்தால் கண்ணீர் மேலும் குறையும், நரம்பு அறுபடுவதால் ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்கள் குறைவாகவே சுரக்கும், கூடவே ஒரு நாளைக்குப் பல தடவை சொட்டுமருந்து வேறு விடுவீர்கள். பக், ஷிட்ஸு மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்குக் கண் பிதுங்கி இருப்பதால் தூங்கும்போதுகூட இமை முழுசாக மூடுவதில்லை. ஏற்கெனவே காய்ந்த கண்ணில் இவ்வளவும் சேர்ந்தால் புண் வருவதற்கு வழி திறந்து வைத்த மாதிரிதான். அந்தப் புண்ணில் கிருமி புகுந்தால் கார்னியா கூழாகக் கரைய ஆரம்பிக்கும், இரண்டே நாளில் ஓட்டை விழுந்து கண்ணே போன நாய்கள் உண்டு.

காய்ந்த கண்ணுக்கு சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் மருந்து கொடுத்திருப்பார்கள். கண்ணீர் கூடுவதற்குச் சில வாரம் பிடிக்கும். விடாமல் போடுங்கள், ஆபரேஷன் முடிந்த பிறகும் அதை நிறுத்தச் சொன்னால் ஒழிய நிறுத்தாதீர்கள்.

கேள்வி: என் மாமியார் நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டால் கண் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார். எனக்குப் புரை ஆபரேஷன் ஆனபோது கொடுத்த சொட்டுமருந்தும் மிச்சம் இருக்கிறது. ஆபரேஷன் ஆன நாய்க்கு இவற்றை விடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: இரண்டுமே கூடாது. பூச்சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவாக இருந்தாலும் அது கிருமி நீக்கியது கிடையாது, தையல் போட்ட கண்ணில் அதை விடுவது கிருமியைக் கையில் எடுத்து உள்ளே வைப்பதற்குச் சமம். மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், "டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்" என்று பழியை என் மேல் போட்டுவிடுங்கள்.

உங்கள் மருந்து விஷயம் அதைவிட ஆபத்து. மனிதர்களுக்குக் கொடுப்பதும் நாய்க்குக் கொடுப்பதும் பல நேரம் ஒரே மருந்தாகத்தான் இருக்கும், அதனால்தான் தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் அதில் ஸ்டீராய்டு இருந்து, நாயின் கார்னியாவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தால் புண் ஆறாது, பெரிதாகும். அதே ஸ்டீராய்டு, புண் இல்லாத கண்ணில் உள்கண் அழற்சியை அடக்கிக் கண்ணைக் காப்பாற்றுகிறது, அதை விடாமல் புரை ஆபரேஷனே செய்ய முடியாது. எந்த வாரம் எது என்று முடிவு செய்வது பச்சைச் சாயம் விட்டுப் பார்த்த பிறகுதான். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போகிற நாய்களுக்குச் சில சமயம் கார்னியாவில் வெள்ளைப் பொட்டாகக் கொழுப்புப் படிவதும் உண்டு, ரத்தத்தில் கொழுப்பு கூடுதலாக உள்ள நாய்களில் இது வரும். அதைப் புரை திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். லென்ஸை எடுத்த பிறகு அந்தப் புரை திரும்பி வராது.

சொட்டுமருந்து விடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். நாயின் எதிரே நின்று பாட்டிலைக் காட்டினால் அது பின்னால் போகும். அதற்குப் பின்பக்கமாக உட்கார்ந்து, முதுகை உங்கள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இடது கையால் தாடையைத் தூக்குங்கள். மருந்து பிடித்த வலது கையின் சுண்டுவிரல் பக்கத்தை அதன் நெற்றியில் ஊன்றி, மேல் இமையை லேசாக மேலே இழுத்து, மேலிருந்து ஒரு சொட்டு. கை நெற்றியில் ஊன்றியிருந்தால் நாய் தலையை ஆட்டினாலும் கையும் கூடவே போகும், பாட்டில் முனை கார்னியாவில் குத்தாது. ஒரு சொட்டு போதும், இரண்டாவது வெளியேதான் வழியும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் விடுங்கள். பால் மாதிரி இருக்கும் பிரெட்னிசோலோன் மருந்தை நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் விட வேண்டும், இல்லையென்றால் வெறும் தண்ணீர்தான் கண்ணுக்குள் போகும். களிம்பு இருந்தால் அது கடைசியில்.

கேள்வி: "புரை நன்றாக முற்றட்டும், பிறகு எடுக்கலாம்" என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். நாய்க்கு அப்படிக் காத்திருக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். அந்தக் காலத்தில் மனிதர்களுக்கே அப்படிச் சொன்னார்கள், அப்போது லென்ஸை முழுசாக வெளியே எடுக்கும் முறை இருந்தது. இப்போதைய முறையில், முற்ற முற்ற லென்ஸின் நடுப்பகுதி இறுகும், இறுகினால் உடைக்க அல்ட்ராசவுண்டு அதிகம் வேண்டும், அது அதிகமானால் முதல் பதிலில் சொன்ன அந்த எண்டோதீலியம் செல்கள் அதிகமாகச் சாகும். முற்றிய புரையிலிருந்து லென்ஸ் புரதம் கசிந்து கண்ணுக்குள் அழற்சியையும் கிளப்பிவிடும், ஏற்கெனவே அழற்சி உள்ள கண்ணில் ஆபரேஷன் செய்தால் எல்லாச் சிக்கலும் கூடுகிறது. சர்க்கரையால் வந்த புரை என்றால் இன்னும் அவசரம், அந்த லென்ஸ் தண்ணீரை இழுத்து வேகமாக உப்பும், சில நேரம் அதன் உறையே கிழிந்துவிடும். சர்க்கரை நோய் உள்ள நாய்களில் நான்கில் மூன்றுக்கு ஒரு வருடத்துக்குள் புரை வந்துவிடுகிறது என்பதால், சர்க்கரை என்று தெரிந்த அன்றே கண் டாக்டரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அதற்காக எல்லா நாயையும் மேசையில் ஏற்றச் சொல்லவில்லை. விழித்திரை வேலை செய்கிறதா என்று ஈஆர்ஜி பரிசோதனையும், அது பிய்ந்திருக்கிறதா என்று ஸ்கேனும் பார்க்காமல் ஆபரேஷனுக்குச் சம்மதிக்காதீர்கள். டாஷ்ஹண்ட், சிவாவா, பாஸ்டன் டெரியர் இனங்களில் சில நாய்களுக்கு எண்டோதீலியம் செல்கள் தாமாகவே தேய்ந்துகொண்டே போகும் ஒரு நோய் உண்டு, அப்படிப்பட்ட கண்ணில் பேக்கோ செய்தால் இருந்த பார்வையும் நீலத்தில் மறையலாம். உங்கள் நாய் அந்த இனம் என்றால் கார்னியாவைத் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஊரில் இந்த வசதி இல்லையென்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போகலாம், அங்கே கண்ணுக்குத் தனிப் பிரிவு உண்டு.

கேள்வி: ஆபரேஷன் ஆகி ஆறு மாதம் ஆகியும் எங்கள் நாயின் ஒரு கண் முழுக்க நீலமாகவே இருக்கிறது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆறு மாதம் என்றால் அந்தச் செல்கள் ஈடுகொடுக்க முடியாமல் போய்விட்டன என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது, வருத்தமாக இருக்கிறது. முதலில் கண் அழுத்தத்தையும் உள்கண் அழற்சியையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், காரணம் அவற்றில் ஏதாவதாக இருந்தால் மருந்துக்கு இன்னும் இடம் இருக்கிறது. இல்லையென்றால் 5 சதவீத உப்புக் களிம்பு தருவார்கள், அது மேலாக உள்ள தண்ணீரை உறிஞ்சும். கார்னியா பழையபடி தெளியாது, ஆனால் மேல்தோலில் நீர்க்கொப்புளம் வந்து உடைந்து வலிப்பதைக் குறைக்கும், அந்த வலிதான் நாய்க்குப் பெரிய தொல்லை. கொப்புளம் திரும்பத் திரும்ப வந்தால் கண்ணின் வெள்ளைத்தோலில் ஒரு மெல்லிய துண்டை எடுத்துக் கார்னியா மேல் ஒட்டிவைக்கும் ஆபரேஷன் இருக்கிறது, அந்தத் தோலின் ரத்தக் குழாய்கள் தேங்கிய தண்ணீரை வடித்துவிடும். வெளிநாடுகளில் சில கண் நிபுணர்கள் இன்னொரு நாயின் எண்டோதீலியத்தை எடுத்து ஒட்டும் மாற்று ஆபரேஷனையும் நாய்களுக்குச் செய்திருக்கிறார்கள். மற்ற கண் நன்றாக இருந்தால் உங்கள் நாய் சமாளித்துக்கொள்ளும், அதற்கு வீடு மனப்பாடம். கட்டில், மேசையை மட்டும் இடம் மாற்றிப் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு கண்ணிலும் சாம்பல் நீலம். பந்தைச் சரியாகப் பிடிக்கிறது. புரையா, கார்னியாவா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பந்தைப் பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஏழு வயதுக்கு மேல் லென்ஸின் நடுப்பகுதி நெருங்கி அடர்த்தியாவதால் வரும் நிறம் அது, பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது, ஆபரேஷன் தேவையில்லை. ஒரு தடவை கண்மணியை விரியவைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கோனை எங்கள் நாய் வெறுக்கிறது, ராத்திரி முழுக்கச் சுவரில் இடித்துக்கொள்கிறது. ஒரு வாரத்தில் கழற்றிவிடலாமா? குரைத்தால்கூடக் கண்ணுக்கு ஆகாது என்கிறார்களே?
– வாசகி, சேலம்

பதில்: ஒரு வாரம் போதாது. பொதுவாக இரண்டு, மூன்று வாரம், தையலைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லும் வரை. ஒரே ஒரு தடவை கால் நகம் பட்டாலும் கீறல் பிரிந்து கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியே வந்துவிடும். கோன் மூக்கு நுனியைத் தாண்டி நிற்க வேண்டும், குட்டையாக இருந்தால் அதன் ஓரத்திலேயே கண்ணைத் தேய்த்துக்கொள்ளும். சாப்பாட்டுத் தட்டை ஒரு பலகை மேல் உயர்த்தி வைத்தால் கோனோடு சாப்பிடப் பழகிவிடும். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணெடுக்காமல் பார்த்துக்கொள்ள முடிகிற நேரத்தில், சாப்பிடும்போது மட்டும், கழற்றலாம். குரைப்பதும் குதிப்பதும் கண் அழுத்தத்தை ஏற்றத்தான் செய்யும், அதனால் வாசல் பக்கம் கட்டாமல் தெருச் சத்தம் குறைவாகக் கேட்கும் உள் அறையில் படுக்க வையுங்கள். வெளியே கூட்டிப் போகும்போது கழுத்துப்பட்டையில் சங்கிலி மாட்டாதீர்கள், அது இழுக்கும்போது கழுத்து நெரிந்து அழுத்தம் கண்ணுக்குத்தான் ஏறும். மார்பில் மாட்டும் வார்ப்பட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.